நடுவில் ஆங்கிலம் வேண்டாம்

பிரெஞ்சு படிக்க வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று கேட்டுக்கொள்வேன். நோட்டில் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கில அர்த்தம் எழுதாதீர்கள், தமிழில் எழுதுங்கள். பலருக்கு இது பிடிப்பதில்லை. தமிழில் எழுதினால் படிப்பு குறைந்துவிடும் என்ற எண்ணம். கைபேசியில் இருக்கும் அகராதிகளும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன. ஆனாலும் நான் விடுவதில்லை. காரணத்தைத்தான் இங்கே விரிவாக எழுத நினைத்தேன்.

நான் புதுச்சேரிக்காரி. பாரிஸின் வடக்குப் புறநகரில், லா கூர்நேவ் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் புதுச்சேரி, காரைக்கால். பாதிப் பேர் யாழ்ப்பாணம், வன்னி. உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர்கள், அலுவலகம் துப்புரவு செய்கிறவர்கள், முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற பெண்கள். 2026 ஜனவரியிலிருந்து இங்கே தங்குவதற்கான பத்து வருட கார்டுக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித்தேர்வின் படியை ஒரு நிலை உயர்த்திவிட்டார்கள். அதற்கு முன் ஏ2-வும் பி1-உம் போதுமாக இருந்தன (ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறிக்கொண்டே போகும்). தொடக்க நிலையில் சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலும் விஷயம் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பி2-வில் அப்படி விடமாட்டார்கள். அங்கேதான் ஒரே பொருள் போலத் தெரியும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் எல்லோரும் கேட்பது சவுவார், கொனேத்ர் இரண்டையும்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலும் ‘தெரியும்’ என்ற ஒரே சொல்தானே என்பீர்கள். சரி, ஆனால் ‘தெரியும்’ என்பதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘அவர் வருவார் என்று தெரியும்’, ‘கடை எங்கே இருக்கிறது என்பது தெரியும்’, ‘நீந்தத் தெரியும்’ இவை எல்லாம் சவுவார். ‘அவரைத் தெரியும்’, ‘இந்தத் தெருவைத் தெரியும்’, இவை கொனேத்ர். ‘என்று’ வந்தாலும், எங்கே எப்போது என்ற கேள்வி வந்தாலும், நீந்த, ஓட்ட, சமைக்க என்று செயல் வந்தாலும் சவுவார். ஓர் ஆளோ ஊரோ பொருளோ ‘ஐ’ உருபோடு வந்து நின்றால் கொனேத்ர். பாடம் மனப்பாடமாகத் தெரியும் என்றால் மட்டும் திரும்ப சவுவார். இவ்வளவையும் எங்கள் வகுப்பில் பதினைந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் புதிதாகப் பிடிக்க எதுவும் இல்லை. வாயில் ஏற்கெனவே இருக்கிற வாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

கொனேத்ருக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டு அறிந்தது, கடந்து வந்தது என்ற பொருள். முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் ஐயா பேச்சுத் தேர்வுக்குத் தயாராகும்போது தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் கேட்டார். போர் பற்றி எனக்குத் தெரியும் என்று எழுதி வைத்திருந்தார். ‘ழே கொனு லா கேர்’ என்று மாற்றிக் கொடுத்தேன். போரைப் பற்றிப் படித்தவன் இல்லை, அதற்குள் இருந்தவன் என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் வந்துவிடுகிறது. அவர் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது சரி, பிள்ளை” என்றார்.

அடுத்தது கேட்பதும் பார்ப்பதும். ஆந்தாந்த்ர், எகூத்தே என்று இரண்டு. தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’. ஆனால் நாம் ‘எனக்குக் கேட்கிறது’ என்று ஒன்று சொல்கிறோம், ‘நான் கேட்கிறேன்’ என்று வேறொன்று சொல்கிறோம். ‘எனக்கு’ என்று வந்தால் சத்தம் தானாகக் காதில் விழுகிறது, அது ஆந்தாந்த்ர். ‘நான்’ என்று வந்தால் காது கொடுத்துக் கேட்கிறேன், அது எகூத்தே. இதைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தம்பியின் கதை. உணவகத்தில் வேலை. வரத் தாமதமாகும் என்று முதலாளிக்கு ரயிலுக்குள்ளிருந்து போன் செய்திருக்கிறார். சிக்னல் சரியில்லை. ‘நான் பேசுறது கேக்குதா?’ என்று கேட்க நினைத்து, ‘வூ மெகூத்தே?’ என்று கேட்டிருக்கிறார். எதிர்முனையில் அது ‘நான் சொல்வதைக் கவனிக்கிறீர்களா?’ என்று போய் விழுந்திருக்கிறது. கேட்க வேண்டியது ‘வூ மாந்தாந்தே?’. ஓர் ஊழியர் முதலாளியிடம் அந்தக் குரலில் கேட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

பார்ப்பதிலும் இதே பிரிவுதான். எனக்குத் தெரிகிறது என்றால் வுவார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ரகார்தே. ஆனால் இங்கே தமிழை அப்படியே நம்பிவிட முடியாது. தியேட்டரில் படம் பார்த்தேன் என்பதற்கு அவர்கள் வுவார் என்பார்கள். வீட்டில் டிவி பார்ப்பது ரகார்தே. ஆளைச் சந்திப்பதும் வுவார்தான்.

அந்த வுவாரை வைத்தே இன்னொன்று. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் காரைக்கால் அக்கா ஒருவர், ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய்வந்ததைக் கட்டுரையில் எழுதும்போது ‘விசித்தே’ என்று போட்டிருந்தார். இது முழுக்க முழுக்க ஆங்கிலம் செய்த வேலை. பிரெஞ்சில் விசித்தே செய்வது கோட்டையை, அருங்காட்சியகத்தை, வாடகைக்குப் பார்க்கிற வீட்டை. ஆளுக்கு அதைப் போட்டால் வைத்தியர் நோயாளியைப் போய்ப் பார்ப்பது மாதிரி, கைதிகளைப் போய்ப் பார்க்கும் தொண்டர் மாதிரி ஒலிக்கும். மரியாதையாகச் சொல்ல ‘ராந்த்ர் விசித்’ என்று இருக்கிறது. ஆனால் சாதாரணமாக ஒரு பிரெஞ்சுக்காரி என்ன சொல்வாள்? ‘ழ சுயி அலே வுவார் மா தாந்த்.’ அலே என்றால் போக, வுவார் என்றால் பார்க்க. அத்தையைப் பார்க்கப் போனேன். நாம் வீட்டில் சொல்வதேதான்! அக்காவுக்கு முதலில் தமிழ் வாக்கியம்தான் மனதில் வந்திருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றியதில் சரியாக இருந்தது தப்பாகிப் போனது. எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கும் இடம் இது.

இதைவிடத் துல்லியமாகப் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. அப்போர்த்தே, ஆம்போர்த்தே, அம்னே, ஆம்னே என்ற நால்வர் கூட்டம். பிரெஞ்சு படிக்கும் யாரையும் கேளுங்கள், தலையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டே சொற்கள், வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. பொருளா ஆளா என்று அவர்கள் பிரிப்பதில்லை. நாம் பிரிக்கிறோம். கொண்டு வா, அப்போர்த்தே. கொண்டு போ, ஆம்போர்த்தே. கூட்டிக்கொண்டு வா, அம்னே. கூட்டிக்கொண்டு போ, ஆம்னே. ‘போர்த்தே’ என்று முடிந்தால் சுமப்பது, அதனால் பொருள். ‘ம்னே’ என்று முடிந்தால் நடத்திச் செல்வது, அதனால் ஆளோ நாயோ. முன்னால் குறில் ‘அ’ வந்தால் வா. மூக்கால் ஒலிக்கும் நெடில் ‘ஆம்’ வந்தால் போ.

சமையலறையில் நிற்கும் தம்பிகள் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிற கேள்வி ‘சுர் ப்ளாஸ் ஊ ஆ ஆம்போர்த்தே?’. இங்கேயே சாப்பிடவா, கொண்டு போகவா? அந்த ‘ஆம்போர்த்தே’ என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, பார்சலுக்குப் பெயர் அது என்றே நினைத்திருந்தார்கள். வகுப்பில் இந்த நான்கையும் பலகையில் எழுதி அம்பு போட்டதும் பின்வரிசையில் இருந்த ஒருவர், “அட, அப்ப எங்கட கொண்டு போறதுதானே அக்கா இது” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

இதில் ஒரு எச்சரிக்கை. பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே ரொட்டியைக் கொண்டு வா என்பதற்கு அம்னே என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்கும் அம்னே என்பது உண்டு, போய்ச் சேருகிற இடத்தை மனதில் வைத்து. கேட்டால் திடுக்கிட வேண்டாம். தேர்வில் மட்டும் நான் சொன்னபடி எழுதுங்கள்.

வருவதா போவதா என்று பேசுபவர் நிற்கும் இடத்தை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த’ என்று இருக்கிறது. தருவதும் வருவதும் எனக்கும் உனக்கும். செல்வதும் கொடுப்பதும் அவருக்கு. ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’. இந்தச் சூத்திரம் தெரியாதவர்களும் இதன்படியேதான் பேசுகிறார்கள். இந்தக் காது இருக்கிறவருக்கு ரவ்னிரும் ரத்தூர்னேவும் ஏன் கஷ்டமாக வேண்டும்?

ரவ்னிர் என்றால் திரும்பி வருவது, ரத்தூர்னே என்றால் திரும்பிப் போவது. ‘ழ ரவியேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் ‘இதோ வந்துடறேன்’ என்கிறார். இதுவரை சிக்கல் இல்லை. மூன்றாவதாக ராந்த்ரே என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தன் இடத்துக்குத் திரும்புவது என்று பொருள். வேலை முடிந்து வீடு திரும்புவது, விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளி திரும்புவது. செப்டம்பர் தொடக்கத்துக்கே லா ராந்த்ரே என்றுதான் பெயர், கடை கடையாக அந்தச் சொல் தொங்கும்.

இந்த மூன்றாவது சொல்லில் எங்கள் வகுப்பு ஒரு முறை நின்றுபோய்விட்டது. ‘ஊருக்குப் போனேன்’ என்பதை எழுதச் சொல்லியிருந்தேன். ரத்தூர்னே போட்டால் முன்பு இருந்த இடத்துக்கு மறுபடி போனேன், அவ்வளவுதான். ராந்த்ரே போட்டால் அதுதான் என் இடம், அங்கே திரும்பினேன் என்ற தொனி வருகிறது. பல நேரம், இனி அங்கேயே என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்துக்கு எதைப் போடுவது? தொண்ணூறுகளில் வந்த ஒருவர் ரத்தூர்னே என்றார், வீடு இப்போது இங்கேதான் என்று. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ராந்த்ரேதான் எழுதுவேன், போனது பதினைந்து நாள் லீவுக்குத்தான் என்றாலும் அதுதான் வீடு என்றார். இரண்டும் இலக்கணப்படி சரி. நான் எதையும் திருத்தவில்லை. தேர்வில் வந்தால் ரத்தூர்னே பாதுகாப்பு என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் திருத்துகிறவருக்கு நம் கதை தெரியாது.

வருஷமும் நாளும் அடுத்த தொல்லை. ஆன் என்றாலும் வருஷம், அனே என்றாலும் வருஷம். ழூர் என்றாலும் நாள், ழூர்னே என்றாலும் நாள். சுவார், சுவாரே மாலைக்கு. புத்தகங்களில் எண்ணுவதற்கு ஆன், கால அளவுக்கு அனே என்று எழுதியிருக்கும், படித்தவுடன் மறந்துபோகும். நான் கொடுக்கிற சோதனை இது: ‘பூரா’ என்று சேர்க்க முடிந்தால் நீளமான சொல். நாள் பூரா வேலை, தூத் லா ழூர்னே. தினமும் வேலை, தூ லே ழூர். வருஷம் பூரா, தூத் லனே. வருஷா வருஷம், தூ லே சான். ஒரு நாளை உள்ளே புகுந்து வாழ்ந்து பார்க்கிறோமா, வெளியே நின்று எண்ணுகிறோமா என்பதே வேறுபாடு. வயது எண்ணுவது, அதனால் முப்பது வயதுக்கு ஆன். புத்தாண்டு வாழ்த்து அந்த வருஷம் முழுக்க நன்றாக இருக்க வேண்டும் என்பது, அதனால் ‘போன் அனே’. கடைக்குள் நுழையும்போது போன்ழூர், வெளியே வரும்போது போன் ழூர்னே, ஏனென்றால் இனி மிச்சமிருக்கும் நாள் பூரா நன்றாகப் போகட்டும் என்கிறோம். இதைச் சொல்லாமல் வெளியேறுவது இங்கே மரியாதைக் குறைவு. பகெத் ரொட்டி வாங்குகிற கடையிலேயே தினமும் பயிற்சி செய்யலாம்.

நூவோ, நெஃப் இரண்டும் புதுசு. நூவோ எனக்குப் புதுசு. நெஃப் செய்து வந்த புதுசு, புத்தம் புதுசு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் உங்களுக்கு நூவோ ஆகலாம், நெஃப் ஆகாது. நூவோ பெயருக்கு முன்னால் வரும், நெஃப் பின்னால். பாரிஸில் சேன் ஆற்றின் மேல் இன்று நிற்கும் பாலங்களில் மிகப் பழையதன் பெயர் போன் நெஃப், புத்தம் புதுப் பாலம். 1578-இல் தொடங்கி 1607-இல் முடித்தார்கள். புதிதாக இருந்தபோது வைத்த பெயர் நான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளேவ், ரிவியேர். நமக்கு ஆறு என்றாலும் நதி என்றாலும் ஒன்றுதான். பெரியது நதி, சின்னது ஆறு என்று சிலர் நினைப்பதைப்போல, ஃப்ளேவ் பெரியது, ரிவியேர் சின்னது என்று மனப்பாடம் செய்கிறார்கள். அளவு இதில் முக்கியமே இல்லை. கடலில் போய்ச் சேர்ந்தால் ஃப்ளேவ். இன்னோர் ஆற்றில் போய்ச் சேர்ந்தால் ரிவியேர். சேன், லுவார், ரோன், கரோன் எல்லாம் ஃப்ளேவ். மார்ன் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாரிஸுக்குக் கொஞ்சம் முன்னால் சேனில் கலந்துவிடுவதால் ரிவியேர். நோர்மாந்தியில் வேல் என்று ஓர் ஓடை, நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நேராகக் கடலில் விழுவதால் அதுவும் ஃப்ளேவ். நான் வகுப்பில் நம் ஆறுகளை வைத்துக் கேட்பேன். காவிரி? ஃப்ளேவ். பவானி, அமராவதி, நொய்யல்? காவிரியில் கலக்கின்றன, ரிவியேர். எங்கள் ஊர்ச் சங்கராபரணி? செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து கடலில் சேர்கிறது, ஃப்ளேவ். குடியுரிமை நேர்காணலில் பிரான்சின் ஃப்ளேவ் சிலவற்றைச் சொல்லுங்கள் என்று கேட்பது உண்டு. அங்கே போய் மார்ன் என்று சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது என்பதற்கு தெஸியேம், ஸகோன் என்று இரண்டு இருப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மொத்தமே இரண்டு இருந்தால் ஸகோன் என்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் பிரெஞ்சுக்காரர்களே எப்போதும் பார்ப்பதில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களைப் பிரித்துக் காட்டுவதை பிரெஞ்சில் ஒரு தனிக் கலையாக ஆக்கியவர் கப்ரியேல் ழிரார் என்ற பாதிரியார். 1718-இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1736-இல் அதை விரித்து மறுபடி வெளியிட்டார். 1744-இல் பிரெஞ்சு அக்காதெமியில் இடம் பிடித்தார். அவருடைய வாதம், ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்று எல்லா இடத்திலும் நிற்க முடியாது என்பது. நம் நிகண்டுகள் எதிர்த்திசையில் வேலை செய்தவை. திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளுக்கு உரிய சொற்களை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்தன, செய்யுள் எழுதுகிறவர் அசைக்கும் எதுகைக்கும் ஏற்றதை எடுத்துக்கொள்ளட்டும் என்று. இரண்டு வேலையும் தேவையானவைதான். பிரெஞ்சு படிக்கும்போது மட்டும் ழிரார் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மோ, பரோல் என்ற இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் ‘சொல்’. மோ என்பது எழுதியோ அச்சிட்டோ எண்ணக்கூடிய சொல். பரோல் என்பது வாயிலிருந்து வருவது: பேச்சு, பாட்டின் வரிகள், கொடுத்த வாக்கு. ‘வாக்குக் கொடுத்தேன்’ என்பதை அப்படியே தோனே மா பரோல் என்பார்கள். இதற்கு நோட்டில் தமிழ் அர்த்தம் எழுதும்போது யாரும் தேட வேண்டியிருக்காது. சிறைக்கைதி பரோலில் வந்தார் என்று தினசரியில் அடிக்கடி படிக்கிறோமே, அது இந்தச் சொல்தான். தப்பி ஓடமாட்டேன், திரும்பி வந்துவிடுவேன் என்று கைதி கொடுக்கிற வாக்கு. அது மட்டும் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது.